கல்வராயன் மலைக்கு யார் டாக்டர்?

அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவம் எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கீழ்ப்பாதியில் ஒரு வரி வரும்: சிகிச்சையைப் பற்றி எனக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னார்கள் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளுக்கு முன், உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடியும் நேரத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மலையில் பார்த்தவர்கள் கீழே எழுதிவிட்டார்கள். அங்கிருந்து இங்கே எழுதிவிட்டார்கள். "எழுதிவிட்டார்கள்" என்றால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பி.ஜி., அதாவது மருத்துவ மேற்படிப்பு, முதலாண்டு படிக்கும் ஓர் இளம் டாக்டர் படிவத்தை நீட்டினார். மை ஒற்றும் அட்டை கிடைக்கவில்லை. பேனாவின் மையையே அந்தப் பெண்ணின் மாமியாருடைய கட்டைவிரலில் தேய்த்து, "கொழந்தைக்குத் தண்ணி கொறஞ்சு போச்சும்மா, ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும், இங்க வைங்க" என்றார். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எப்ப சாமி மேல போலாம்?" டாக்டர் பதில் சொல்லாமல் படிவத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபம் வந்தது எனக்கு. பிறகு நர்ஸ் சொன்னார், அந்த டாக்டர் முந்தின நாள் காலை எட்டு மணிக்கு டியூட்டி ஏறியவர் என்று. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெண்ணோ விழிப்போடுதான் இருந்தாள். வயது வந்தவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வயது வந்த, நினைவோடு இருக்கும் நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. அந்த வழக்கில் மகள் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை எடுத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி வகுப்பில் கேட்டிருந்தால் அந்த இளம் டாக்டர் சரியாகவே பதில் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். பாடம் தெரியாமல் நடந்த தவறல்ல அது. இருபது மணி நேரத்துக்கு மேல் கண்விழித்த ஒருவரிடம், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கி, இரண்டு ஆஸ்பத்திரி தாண்டி, நேரமே மிச்சமில்லாத நிலையில் வந்து சேர்ந்த ஒரு பெண். மருத்துவ அறம், பி.ஜி. மாணவரின் வேலை நேரம், மலையில் டாக்டர் இல்லாமை ஆகிய மூன்றையும் நாம் மூன்று தனித்தனி விவாதங்களாக நடத்திக்கொண்டிருக்கிறோம். அன்று அந்த வாசலில் அவை மூன்றும் ஒன்றாகவே நின்றன. பி.ஜி. இடம் யாருக்குப் போகிறது, என்ன கடமையோடு போகிறது என்பதே கள்ளக்குறிச்சி போன்ற ஓர் ஊரில் மருத்துவ அறத்தின் முதல் கேள்வி. இந்தக் கட்டுரை அதைத்தான் பேசப் போகிறது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியின் மக்கள்தொகை 13 லட்சத்து 70 ஆயிரம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். ஒரு மாவட்டம் பிறந்து மூன்று ஆண்டுக்குள் அதற்கு ஒரு மருத்துவக் கல்லூரி கிடைத்தது பெரிய காரியம். இதே மக்கள் அதற்கு முன் முண்டியம்பாக்கத்துக்கும் சேலத்துக்கும் ஜிப்மருக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் அதன் சரிவுகள் பரந்திருக்கின்றன. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று ஊர்கள். மரவள்ளியும் சாமையும் விளையும் காடுகள். வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சமவெளியில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: நாடு விடுதலை பெற்ற பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் அது முழுமையாக அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. அரசு என்ற ஒன்று இந்த மலைக்கு அவ்வளவு தாமதமாக வந்தது. அரசு டாக்டர் அதற்கும் பின்னால். சாலை எட்டாத குக்கிராமங்களில் இன்றும் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்துதான் வண்டி ஏற்ற வேண்டியிருக்கிறது.

புதுக் கல்லூரி எதற்கு என்ற கேள்விக்கு 2024 ஜூன் மாதம் ஒரு கொடூரமான விடை சொன்னது. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் ஜூன் 18 இரவிலிருந்து விழ ஆரம்பித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதத்தில், மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது.

மெத்தனால் உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த நாளின் அறச்சிக்கல் புரியும். குடித்த உடனே அது கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது, மூச்சை நிறுத்துகிறது. இதற்குப் பல சமயம் 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகும். அதுவரை ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். சாதாரணப் போதை என்றே நினைப்பார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனி இறங்கினாற்போல் ஒரு மங்கல். அந்த இடைவெளிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் காப்பாற்ற வழி உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியைத் தடுத்துவிடும். அது இல்லாவிட்டால் எத்தனால், அதாவது நல்ல சாராயமே, அளவோடு கொடுத்தால் நொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சோடியம் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், எல்லாவற்றுக்கும் மேலாக டயாலிசிஸ். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கண்ணின் விலை, ஓர் உயிரின் விலை.

அப்படிப்பட்ட மணி நேரங்களில்தான், முதலில் நிகழ்ந்த சாவுகளுக்குக் காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களில் அதே சாராயத்தைக் குடித்தவர்களும் இருந்தார்கள். உண்மை உடனே உரக்கச் சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் சுடுகாட்டுக்குப் போகாமல் நேரே ஜி.எச்.சுக்கு ஓடியிருக்கலாம். பின்னர் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இவை நிர்வாகத்தின் கதை. மருத்துவக் கல்விக்கு இதிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. ஒரு சாவுக்குக் காரணம் இதுதான் என்று முதலில் சந்தேகிப்பவர் கேஷுவாலிட்டியில் நிற்கும் டாக்டர்தான். மேலிடம் வாய் திறக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா? பொதுச் சுகாதார ஆபத்தை உடனே சொல்வது அவருடைய கடமையா, இல்லையா? குடித்ததைச் சொன்னால் போலீஸ் வருமோ, மானம் போகுமோ என்று மறைக்கிற நோயாளியிடம் உண்மையை வரவழைப்பது எப்படி? எந்த நாட்டு மருத்துவ அறப் பாடநூலையும் புரட்ட வேண்டாம்; இந்த ஒரு நாளை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

அன்று சிறுவங்கூர்க் கல்லூரியின் முதல் அணி மாணவர்கள் படிப்பையே முடித்திருக்கவில்லை. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து டாக்டர்கள் வரவழைக்கப்பட்டார்கள். சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. கட்டடம் இருந்தது, இரவு முழுக்க நின்று டயாலிசிஸ் ஓட்டும், செயற்கைச் சுவாசக் குழாய் போடும் கைகள் போதவில்லை. அந்தக் கைகள் எங்கிருந்து வரும்? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு வேலை செய்வோரில் பெரும்பாலோர் பி.ஜி. மாணவர்கள். பி.ஜி. இல்லாத ஆஸ்பத்திரிக்கு இரவு இல்லை.

அந்த பி.ஜி. இடத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை தமிழ்நாட்டில் நடந்த அளவுக்கு வேறெந்த மாநிலத்திலும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. பல்லாண்டுக் காலம் அரசுக் கல்லூரிகளின் மாநிலப் பங்கில் பாதி இடங்கள், ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்கப்பட்டன. இதைத்தான் சர்வீஸ் கோட்டா என்கிறோம். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தால், சில ஆண்டுகளில் சம்பளத்தோடு எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ படிக்கலாம், படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்ப வேண்டும். நகரத்தில் பிறந்த பிள்ளைகளைக் கிராமத்துக்கு இழுத்து வந்தது டாக்டர் தொழிலின் புனிதத்தைப் பற்றிய பேச்சல்ல, இந்த ஏற்பாடு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மயக்க மருந்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் இருக்கிறார்கள் என்றால் அதன் வேர் இங்கேதான்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு விதிகளில் இன்னொரு வழி இருந்தது. எளிதில் போக முடியாத, கடினமான பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், அதிகபட்சம் 30 விழுக்காடுவரை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் ஊக்க மதிப்பெண் தரலாம். பட்டயப் படிப்பில் மட்டும் பாதி இடம் அரசு டாக்டர்களுக்கு உண்டு. 2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தினேஷ் சிங் சவுகான் வழக்கில், பட்டப் படிப்புக்கு இந்த ஊக்க மதிப்பெண் மட்டும்தான், தனி ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் அடி தமிழ்நாட்டின் மேல் விழுந்தது. 2017 கோடையில் அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். எது மலை, எது தொலைதூரம், எது கடினப் பகுதி என்று வரையறுப்பதிலேயே வழக்குக்கு மேல் வழக்கு. மருத்துவ மாணவர் சேர்க்கை நடக்க வேண்டிய மாதங்கள் நீதிமன்ற வராந்தாவில் கழிந்தன.

2020 ஆகஸ்ட் 31 அன்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதற்கு முடிவு கட்டியது. அரசு டாக்டர்களுக்கென்று தனி நுழைவு வழியை ஏற்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. மருத்துவக் கவுன்சில் அதில் தலையிட முடியாது. அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு உயர் சிறப்புப் படிப்புகளிலும் பாதி இடத்தை அரசு டாக்டர்களுக்கு ஒதுக்கியது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கும் வழிவிட்டது. இந்தத் தீர்ப்புகளைத் தமிழ்நாடு கொண்டாடியது சரியே. நானும் கொண்டாடினேன்.

ஆனால் 2020 தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. இப்படி இடம் பெற்று மேற்படிப்பு முடிக்கும் அரசு டாக்டர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதி ஆகியவற்றில் பணியாற்றும்படி மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும், பிணைப்பத்திரமும் வாங்க வேண்டும் என்று அந்த அமர்வு எதிர்பார்த்தது. உரிமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்தக் கடமையைப் பற்றி நாம் பேசவில்லை. எம்.டி. முடித்தவரின் பணியிடம் கலந்தாய்வில் சமவெளியின் பெரிய ஊர்களுக்கே நகர்கிறது, மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. வெள்ளிமலைக்கு ஒரு மகப்பேறு மருத்துவரையும் ஒரு மயக்க மருந்து நிபுணரையும் ஒருசேர அனுப்ப முடியாதவரை, அங்கே சிசேரியன் நடக்காது. அந்தப் பெண் கீழே எழுதி அனுப்பப்பட்டுக்கொண்டே இருப்பாள்.

பிணைப்பத்திரம் கொத்தடிமைத்தனம் ஆகாதா என்று இளம் டாக்டர்கள் கேட்கிறார்கள். பாண்டு என்றாலே அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படிப்பு முடித்தும் பணியிடம் தராமல் மாதக்கணக்கில் காக்க வைத்து, சான்றிதழ்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும் அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. அந்தக் குறை உண்மை. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கட்டாயப் பணிப் பிணையை ஏற்றுக்கொண்டது. பொதுப் பணத்தில் கிடைக்கும் படிப்புக்கு ஈடாகப் பொதுமக்களுக்குச் சில ஆண்டு உழைப்பது நியாயமே என்பது அதன் சாரம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டாயத்தைவிடக் கவலை தருவது அதன் தரம். வீடு இல்லாத, துணை நிபுணர் இல்லாத, ஸ்கேன் கருவியை இயக்க ஆள் இல்லாத இடத்துக்கு ஒருவரை அனுப்பிவிட்டு, ஓடிப்போகிறான் பார் என்று குற்றம் சாட்டுவது அறம் ஆகாது. தண்டனையாக அனுப்பப்பட்டவர் தண்டனை முடிந்ததும் போய்விடுவார்.

தகுதி பற்றிய வாதத்துக்கு வருவோம். சர்வீஸ் கோட்டா தகுதியைக் கெடுக்கிறது என்பது முப்பது ஆண்டாகக் கேட்கும் குரல். மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. 2012 இறுதியில் முதன்முதலாக நடந்து, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதென்று தள்ளப்பட்டு, 2016-இல் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டு மீண்டும் வந்தது. தகுதியைக் காக்கும் வாசல் இதுதான் என்றார்கள். 2023 செப்டம்பரில், இடங்கள் காலியாகக் கிடந்ததால், கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் சதமானம் பூஜ்யத்துக்கு இறக்கப்பட்டது. தேர்வு எழுதிய யாரும் போகலாம் என்றாயிற்று. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் போனார்கள். மூன்று ஆண்டு மலையில் வேலை பார்த்தவருக்கு ஊக்க மதிப்பெண் கொடுத்தால் தகுதி கெடும், பணம் கட்டக்கூடியவருக்குப் பூஜ்யத்தில் இடம் கொடுத்தால் கெடாது என்பது எனக்கு விளங்காத கணக்கு. 2024 ஜூன் 23 அன்று நடக்க வேண்டிய தேர்வை முந்தின நாள் இரவில் ஒத்திவைத்தார்கள். ரயிலிலும் பேருந்திலும் ஊர் விட்டு ஊர் போயிருந்த இளம் டாக்டர்கள் அங்கேயே நின்றார்கள். 2025 தேர்வை ஒரே வேளையில் நடத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

அனைத்திந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு கிடைத்தது தமிழ்நாடு தொடங்கிவைத்த சட்டப் போராட்டத்தால். 2022 ஜனவரியில் அதை உறுதிசெய்த தீர்ப்பு, ஒருநாள் தேர்வின் மதிப்பெண் மட்டுமே தகுதியாகிவிடாது, அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் குடும்பமும் பள்ளியும் பயிற்சி நிலையமும் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. இதைத் தமிழ்நாடு நூறாண்டாகச் சொல்லி வருகிறது. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், பி.ஜி. இடங்களில் மாநில வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு சமத்துவத்துக்கு எதிரானது என்று தன்வி பெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர் படிப்பில் நாடு முழுக்க ஒன்றே என்ற அந்த நோக்கு கேட்பதற்கு உயர்வானது. ஆனால் நோயாளியின் மொழி பேசும், நோயாளியின் ஊரில் தங்கக்கூடிய டாக்டரை உருவாக்கும் வழியும் அதோடு சேர்ந்து குறுகுகிறது. அதனாலேயே சர்வீஸ் கோட்டா இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

வெளிநாடுகளைப் பார்த்தால், எல்லாரும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுவது தெரிகிறது. அமெரிக்காவில் 1952 முதல் மாணவர்களும் மருத்துவமனைகளும் தங்கள் விருப்ப வரிசையைக் கொடுக்க, நடுவில் ஒரு கணக்குமுறை இருவரையும் பொருத்தி வைக்கிறது. நேர்காணல், பரிந்துரைக் கடிதம், ஆய்வுக் கட்டுரை என்று அங்கே விண்ணப்பமே ஒரு தொழிலாகிவிட்டது. மதிப்பெண் வெறியைக் குறைக்க 2022 ஜனவரியிலிருந்து உரிமத் தேர்வின் முதல் படிக்குத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் முடிவு சொல்கிறார்கள். பிரிட்டனில் 2024 முதல் புதிய டாக்டர்களுக்கு முதல் பணியிடம் தரும்போது மதிப்பெண் வரிசையை விட்டுவிட்டு, விருப்பத்தையும் கணினி தற்செயலாகத் தரும் எண்ணையும் வைத்துக்கொள்கிறார்கள். எந்த முறையும் தொலைதூர ஊருக்குத் தானாக டாக்டரைக் கொண்டுவந்துவிடவில்லை.

அந்த விடியற்காலைக்குத் திரும்புகிறேன். 1992-இல் மத்திய அரசு வகுத்த உறைவிட மருத்துவர் திட்டத்திலேயே தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் 'நியாயமான வேலை நேரம்' என்று எண் சொல்லாமல் நழுவின. அந்த ஆணையமே அமைத்த மனநலக் குழு 2024-இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 48 அரசின் திட்டத்திலேயே இருக்கும்போது 74-ஐக் கெஞ்சிக் கேட்கும் நிலை. தூக்கமில்லாத டாக்டரின் பிழை நோயாளியின் உயிர் என்பதை அமெரிக்கா 1984-இல் நியூயார்க்கில் இறந்த லிபி சயான் என்ற இளம்பெண்ணின் வழியாகக் கற்றது. 2003-இல் வாரம் 80 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. பி.ஜி. மாணவரின் சுமை வேலை நேரத்தோடு முடிவதில்லை: 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பாயல் தட்வி, ஆதிவாசிப் பெண், உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்தவர்களின் சாதிக் கொடுமையே காரணம் என்று குடும்பத்தார் வழக்கு நடத்தி வருகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பி.ஜி. வார்டுக்குள் நுழையும் நாளை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது.

அப்படி நுழைய எத்தனை வழி இருக்கிறது? தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு. 2011 கணக்குப்படி மாநிலத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். நூறு இடத்துக்கு ஓர் இடம் என்பதை முப்பத்தாறு சமூகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2020-இல் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு முதலாண்டிலேயே சுமார் 400 பிள்ளைகளுக்கு மருத்துவம், பல் மருத்துவம் படிக்க வாசல் திறந்தது. மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் அந்த ஏணி எம்.பி.பி.எஸ். வாசலோடு முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை டாக்டரான பிறகு பி.ஜி. பயிற்சி நிலையங்களுக்குக் கொட்டிக் கொடுக்க அவளிடம் பணம் இருக்காது. அவளுக்கு எஞ்சியிருப்பது சர்வீஸ் கோட்டா ஒன்றுதான்.

மருத்துவ அறம் இப்போது பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மனப்பாங்கு, அறம், நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்கென ஏட்காம் என்று ஒரு பாடப்பகுதி இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பின்தொடரும் திட்டமும் வந்திருக்கிறது. நீதிமன்றங்கள் பாடத்திட்டத்தைத் திருத்தவும் செய்திருக்கின்றன: 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார், அதன் தொடர்ச்சியாக மருத்துவப் பாடநூல்களும் திருத்தப்பட்டன. 2024-இல் பழைய இழிசொற்கள் பாடத்திட்டத்தில் மறுபடி தலைகாட்டி, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டன.

இவ்வளவு இருந்தும், 'எனக்குப் புரியும் மொழியில்' என்ற அந்த வரி வெறும் அச்சாகவே இருக்கிறது. ஏட்காம் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. நூற்றறுபது ஆண்டுக்கு முன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்றுக்கொடுத்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். கற்றவர்கள் தம் ஊரிலேயே தங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முழு மருத்துவத்தையும் தமிழில் நடத்து என்று நான் இங்கே கேட்கவில்லை. ஒப்புதல் வாங்குவதையும் கெட்ட செய்தி சொல்வதையுமாவது தமிழில் கற்பித்து, தமிழிலேயே செய்முறைத் தேர்வு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மலைக்கு டாக்டர் வரமாட்டார் என்பவர்களுக்குக் கல்வராயன் மலையின் மறுபக்கத்திலேயே விடை இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் ஆயிரத்துக்கு நூற்றைம்பதை ஒட்டி இருந்த சிசு மரணம் பல மடங்கு இறங்கியது. ஊர்ப் பெண்களையே தாதிகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். மயக்க மருந்து ஒருவர், மகப்பேறு ஒருவர். அந்த இரண்டு கைகளும் ஒரே இடத்தில் இருந்ததுதான் சூட்சுமம். வேலூர் சி.எம்.சி.யில் படிப்பவர்களில் பலர் தம்மை அனுப்பிய திருச்சபை அமைப்பின் ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு பணியாற்றும் வழக்கமும் நெடுநாளாக இருக்கிறது. சேரும்போதே எங்கே போகப் போகிறோம் என்று தெரியும். போன இடத்தில் முன்னால் போனவர் இருப்பார். அரசின் பாண்டில் இல்லாதது இந்த இரண்டும்தான்.

கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, ரேஷன், பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. மருத்துவக் கல்வித் துறையும் தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020 முதலே இருக்கிறது. அதில் ஒரு பங்கை மலையடிவாரத்து அரசு மருத்துவமனைகளுக்கு ஒதுக்கலாம். சர்வீஸ் கோட்டாவில் மேற்படிப்பு முடித்தவர்களின் ஐந்தாண்டுப் பணியை, இருவர் மூவராகச் சேர்த்து, வீட்டோடும் கருவிகளோடும் வெள்ளிமலை போன்ற இடங்களில் வைக்கலாம். தனியே ஒருவரை அனுப்பாதீர்கள்.

2022-இல் சிறுவங்கூரில் சேர்ந்த முதல் அணிக்கு நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு உரியது. அந்த 12 வாரத்தில் பாதியையாவது கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் வையுங்கள். அங்கிருந்து கீழே எழுதி அனுப்பப்படும் ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு ஹவுஸ் சர்ஜன் வண்டியில் கூடவே இறங்கி வரட்டும். படிவத்தில் அவளிடமே கையெழுத்து வாங்கட்டும். மேலே எப்போது போகலாம் என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.